பதினான்கு வயதும் பழவேற்காட்டு ஏரியும்

பழவேற்காட்டு ஏரியில் இறால் நிறைய ஓடும் சில இடங்கள் உண்டு. நினைத்தவர் நினைத்த நேரத்தில் அங்கே வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர் மீனவர்களும் அந்த இடங்களைப் ‘பாடு’ என்ற முறைப்படி தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். யாருக்கு எந்த முறை என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். தன் முறை இல்லாத நாளில், இறால் எவ்வளவு ஓடினாலும், சுத்துவலையை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது.

ஒரு மனிதரின் கையில் வலை இருக்கிறது. எதிரே இறால் ஓடுகிறது. வீட்டில் தேவை இருக்கிறது. ஆனாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். சுற்றுச்சூழலைக் காக்கும் நடத்தை பற்றி உளவியலாளர்கள் எழுதிக் குவித்திருப்பதெல்லாம் இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான். 1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், பொதுச் சொத்து என்றால் ஆளுக்கு ஆள் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று வாதிட்டார். எலினோர் ஆஸ்ட்ரம் உலகின் பல மூலைகளில் பாடு போன்ற முறைகளை ஆராய்ந்து, அப்படி அழியாமல் காத்த ஊர்களும் ஏராளம் என்று காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பாடு மனித மனத்தின் எந்தெந்த நரம்பைத் தொடுகிறது என்று பார்த்தால் கட்டுப்பாட்டின் காரணம் புரியும். விதி வெளியிலிருந்து வந்ததல்ல, ஊர் கூடி வைத்தது. மீறினால் ஊர்க் கூட்டத்தில், தன்னோடு படகில் ஏறுகிறவர்கள் முன்னால் பதில் சொல்ல வேண்டும். இன்று விட்டுக்கொடுத்தால் நாளை தன் முறை நிச்சயம் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாட்டில் பெயர் இருப்பதே ஒரு மதிப்பு. திருமணமான ஆண், ஊரில் ஒரு தலைக்கட்டு என்று ஆனவர்தான் அதில் சேர முடியும். ஏரியின் உயிர்ச்சூழல் பற்றிய பாடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவர்கள் வலையைச் சுருட்டி வைக்கவில்லை.

இதே ஊர்களில் பள்ளிக்குப் போகும் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது என்ன? பாடம்தான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, சுற்றுச்சூழல் கல்வி படிப்படியாக இந்தியா முழுவதும் பாடத்திட்டத்துக்குள் வந்தது. பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை மன்றங்கள் இருக்கின்றன. ஜூன் 5 வந்தால் ஓவியப் போட்டி, உறுதிமொழி, பேரணி. இவற்றில் உழைக்கும் ஆசிரியர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால், பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொண்டால் மாறிவிடுவார்கள் என்ற கணக்கில்தான் எல்லாம் நடக்கிறது. ஆய்வுகள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை.

செபாஸ்டியன் பாம்பெர்க், குய்டோ மோசர் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த பல ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்தபடி நடக்க வேண்டும் என்று மனத்தில் உறுதி இருந்தால்கூட, மனிதர்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 27 விழுக்காட்டைத்தான் அந்த உறுதியால் விளக்க முடிந்தது. வெறும் அறிவு அந்த உறுதிக்கும் வெகு தொலைவில், பின்னணியில் நிற்கிறது. பழவேற்காட்டுப் பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. ஏற்றவற்றம் எப்போது, மடவை எந்தப் பக்கம் திரளும், நண்டு எந்தச் சேற்றில் பதுங்கும் என்பதை நகரத்தில் உட்கார்ந்து பாடநூல் எழுதுகிறவரைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். பூநாரைகள் வந்திறங்கும் காலத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கரையில் நெகிழிப் பைகளும் கிழிந்த தங்கூசி வலைத் துண்டுகளும் கிடக்கின்றன.

‘ஆனாலும்’ என்று எழுதியதைப் பிள்ளைகள் மேல் பழி போடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐசக் அஜ்சென் முன்வைத்த ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ இதைத் தெளிவாகவே சொல்கிறது. மனப்பான்மையும் சுற்றத்தாரின் எதிர்பார்ப்பும் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் செயல் தன்னால் ஆகக்கூடியது என்று தோன்றவும் வேண்டும். குப்பை எடுக்க வண்டி வராத தெருவில் குப்பையைப் பிரித்து வைக்கச் சொன்னால், நல்ல பிள்ளை ஒரு வாரம் பிரித்து வைக்கும். பிரித்த இரண்டும் கடைசியில் ஒரே குவியலில் போய் விழுவதைப் பார்க்கும். அதோடு விட்டுவிடும். அதற்கு அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று நாம் குறித்துக்கொள்வோம்.

அக்கறை உண்மையிலேயே குறையும் ஒரு வயதும் உண்டு. ஸ்வீடனில் 6, 9, 12ஆம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்த டேனியல் ஓல்சன், நிக்லாஸ் கெரிக் இருவரும், நீடித்த வளர்ச்சி பற்றிய உணர்வு 9ஆம் வகுப்பில் சரிந்து கிடப்பதை 2016இல் பதிவு செய்தார்கள். இதற்கு ‘வளரிளம் பருவச் சரிவு’ என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில் 118 குழந்தைகளை 6 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்த ஆய்விலும் இதே சாயல் தெரிந்தது. பத்து வயது வரை இயற்கை மீதான பிடிப்பு வளர்கிறது, பிறகு நிற்கிறது, பதினான்குக்குப் பின் இறங்குகிறது. அந்த ஆய்வில் என்னை நிறுத்திய முடிவு வேறொன்று. 18 வயதில் ஒருவர் சுற்றுச்சூழலுக்காக என்ன செய்கிறார் என்பதை, 6 வயதில் அவர் வெட்டவெளியில் கழித்த நேரமும் தாயின் மனப்பான்மையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட்டன. அப்படிப் பார்த்தால் ஏரிக்கரைப் பிள்ளைகளின் முதல் பத்தாண்டு பெருஞ்செல்வம். கேள்வியெல்லாம் அடுத்த எட்டு ஆண்டுகளைப் பற்றியது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மனம் ஒரு பெரிய திருப்பத்தில் நிற்கிறது. பூப்பெய்தும் காலத்து ஹார்மோன்கள் உடலை மட்டும் மாற்றுவதில்லை. வெகுமதியை உணரும் மூளைப் பகுதிகளும் கூர்மையாகின்றன. அந்த வயதில் மிகப் பெரிய வெகுமதி, சேக்காளிகள் கொடுக்கும் மதிப்புதான். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களிடம் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். அன்றாடச் செயல்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று ஒவ்வொருவரும் மதிப்பிட வேண்டும். பிறகு மற்றவர்கள் தந்த மதிப்பீட்டைக் காட்டினால் தன் மதிப்பீட்டை மாற்றுகிறாரா என்று பார்த்தார்கள். சிறுவர்களும் பெரியவர்களும் வளர்ந்தவர்களின் கருத்துக்கே அதிகம் வளைந்தார்கள். 12 முதல் 14 வயது வரை உள்ளவர்கள் மட்டும் தங்களைப் போன்ற பதின்ம வயதினரின் கருத்துக்கு அதிகம் வளைந்தார்கள்.

ஆசிரியரும் அப்பாவும் அதிகாரியும் சொல்வது காதில் ஏறாத அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைத்தான் நாம் உறுதிமொழிக்கும் பேரணிக்கும் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

சேக்காளியின் செல்வாக்கு அவன் வாய் திறந்து பேசினால்தான் வேலை செய்யும் என்றில்லை. அவன் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்ற தடயமே போதும். ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. வாகன நிறுத்தத்தில் நின்ற கார்களின் கண்ணாடியில் துண்டறிக்கைகளைச் செருகி வைத்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது 14 விழுக்காட்டினர் அதைக் கீழே போட்டார்கள். தரையில் ஏற்கெனவே குப்பை கிடந்தபோது 32 விழுக்காட்டினர் போட்டார்கள். குப்பைத் தரையில் இன்னொருவர் கண்ணெதிரே குப்பை போடுவதையும் பார்த்தபோது அது 54 ஆனது. சுத்தமான தரையில் ஒரே ஒருவர் குப்பை போடுவதைப் பார்த்தவர்களிடமோ 6 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. சுத்தமான இடத்தில் விழுந்த ஒற்றைக் குப்பை, ‘இங்கே இப்படிச் செய்வதில்லை’ என்பதை நினைவூட்டிவிடுகிறது.

அறிவிப்புப் பலகை எழுதுகிறவர்கள் இதே குழுவின் இன்னொரு சோதனையைக் கட்டாயம் அறிய வேண்டும். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. முன்பு வந்த பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போய்விட்டதால் பூங்காவின் இயல்பே மாறிவிட்டது என்று வருத்தத்தோடு எழுதிய பலகை வைத்த பாதையில், அடையாளமிட்டு வைத்திருந்த துண்டுகளில் 7.92 விழுக்காடு திருட்டுப் போனது. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதிய பாதையில் 1.67 விழுக்காடுதான். ‘எல்லோரும் குப்பை போட்டு ஏரியைக் கெடுக்கிறார்கள்’ என்று ஒரு பேச்சாளர் மாணவர்களிடம் உருகும்போது, அவர்கள் காதில் விழுவது முதல் சொல்தான்.

மதிப்பின் வலிமைக்கு நம்மிடமே பெரிய சான்று மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த துணிப்பை ஒரு காலத்தில் எல்லா வீட்டு ஆணியிலும் தொங்கியது. பளபளக்கும் நெகிழிப் பை வந்ததும், மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தவன் என்பது கேலியாகிப்போனது. துணிப்பை மலிவானது, உறுதியானது, பலமுறை பயன்படுவது என்பது யாருக்கும் மறந்துவிடவில்லை. அதை ஏந்திக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்கக் கூச்சம் வந்தது, அவ்வளவுதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடை மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கேலிப் பொருளைப் பெருமைப் பொருளாக்க முயன்ற அந்த யோசனை, உளவியல்படி மிகச் சரியானது. ஆனால் அந்தப் பெருமையைப் பதினைந்து வயதுக்காரருக்கு அமைச்சரோ ஆட்சியரோ கொடுத்துவிட முடியாது. அந்த வகுப்பில் எல்லோரும் பார்த்துப் பின்பற்றும் மாணவரோ மாணவியோ அதை ஏந்தி வர வேண்டும்.

மதிப்புக்கு இணையாக அந்த வயதில் இன்னொரு பசியும் இருக்கிறது: யாரும் என்னை ஏய்க்கக் கூடாது, என் முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற தவிப்பு. கிறிஸ்டபர் பிரையனும் டேவிட் யேகரும் டெக்சாஸ் மாநிலப் பள்ளி ஒன்றில் 8ஆம் வகுப்பினரிடம் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. ஆரோக்கியமாகச் சாப்பிட்டால் உடலுக்கு நல்லது என்ற வழக்கமான பாடம் ஒரு பிரிவுக்கு. நொறுக்குத் தீனி நிறுவனங்கள் எப்படியெல்லாம் திட்டமிட்டுப் பிள்ளைகளை அடிமையாக்குகின்றன என்று விசாரணைச் செய்தி போல எழுதிய கட்டுரை இன்னொரு பிரிவுக்கு. மறுநாள் வகுப்பில் தின்பண்டம் கொடுத்தபோது, இரண்டாம் பிரிவினர்தான் சர்க்கரை குறைந்ததை அதிகம் எடுத்தார்கள். நல்ல பிள்ளையாக இரு என்றபோது அசையாதவர்கள், அநீதியை எதிர்த்து நில் என்றபோது அசைந்தார்கள்.

பழவேற்காட்டுக்கு இது நேராகப் பொருந்தும். ஏரிக்குத் தெற்கே கடற்கரை நெடுகிலும் அனல்மின் நிலையங்கள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகும் வலையும் கரிய பிசுக்காயின. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளரும் பிள்ளையிடம், ஏரியைக் காப்பது மிட்டாய்த் தாளைத் தொட்டியில் போடுவதில்தான் இருக்கிறது என்று பாடநூல் சொன்னால், அந்தப் பிள்ளை பாடநூலை நம்பாது. நம்பாததில் நியாயம் இருக்கிறது. சிறிய தவற்றைச் சுட்டும் வாய் பெரிய தவற்றைப் பற்றி மூடியிருப்பதை வளரிளம் பருவத்தினர் போல வேறு யாரும் சட்டென்று கண்டுபிடிப்பதில்லை.

பெரியதையே சொல்லிக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான். இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் எடுத்த கணிப்பு 2021இல் வெளிவந்தது. காலநிலை மாற்றத்தை எண்ணி மிகவும் கவலைப்படுவதாக 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். கவலை செயலாக மாறலாம், மரத்தும் போகலாம். ஸ்வீடன் உளவியலாளர் மரியா ஒயாலா பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார். பிரச்சினையைத் தீர்ப்பதிலேயே மூழ்கிய பிள்ளைகள் செயலில் முன்னே இருந்தார்கள், ஆனால் மனவருத்தத்தையும் கூடுதலாகச் சுமந்தார்கள். நம்மோடு இன்னும் பலர் இருக்கிறார்கள், நிலைமை திரும்பியதும் உண்டு என்று பொருள் கண்டுகொண்ட பிள்ளைகள் செயலையும் விடவில்லை, மனம் உடைந்தும் போகவில்லை. 2017 ஜனவரி இறுதியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளி வாளியாக அந்தக் குழம்பை அள்ளினார்கள். உரிய இயந்திரமும் பாதுகாப்பும் இல்லாமல் இளைஞர்களை அந்த நச்சில் இறங்க விட்டது அரசின் தவறு. ஆனால் அத்தனை பேரையும் அங்கே வரவழைத்தது, வாளி கைமாறிக் கைமாறிப் போகும் வரிசையில் நாமும் ஒரு கை என்ற உணர்வு. ‘என்னால் முடியும்’ என்பதைவிட ‘எங்களால் முடியும்’ என்பது வலியது. அதை உளவியலாளர்கள் கூட்டு ஆற்றல் நம்பிக்கை என்கிறார்கள்.

இந்த மன இழைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த முயற்சியும் நம் கரையிலேயே இருக்கிறது. 1988இல் சென்னை மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் நடக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவு நெடுநேரம் நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பார்கள். தடம் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, நாயும் மனிதரும் எடுத்துவிடாமல் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி இளைஞர்களும் சலிக்காமல் வருகிறார்கள் என்றால், அதில் அந்த வயது தேடுவது அனைத்தும் இருக்கிறது: ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் துணிவு, நண்பர் கூட்டம், தன்னைவிட நாலைந்து வயதே மூத்த ஒருவரிடமிருந்து கற்கும் கைத்திறன், நாற்பத்தைந்து நாள் கழித்துக் கண்ணுக்கு முன்னே கடலில் இறங்கும் குஞ்சுகள். ஆமையைக் காப்பது ஏன் நல்லது என்ற சொற்பொழிவு அங்கே கடைசியாகத்தான் வருகிறது.

மீண்டும் பாட்டுக்கு வருகிறேன், அதைப் புகழ்ந்து மட்டும் முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து ஆண்களுக்கு ஏரியின் நல்ல இடங்களை உறுதி செய்த அதே முறை, பெண்களையும் இருளர்களையும் பிற சமூகத்தாரையும் வெளியே நிறுத்தியது. சேற்றில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தக் குலுக்கலிலும் சீட்டு இல்லை. ஏற்றுமதியால் இறால் விலை உயர்ந்த காலத்தில் இதனால் சண்டைகளும் மூண்டன. பழவேற்காட்டை ஆராய்ந்து 2008இல் எழுதிய சாரா குல்தார்டு இன்னொரு சிக்கலையும் காட்டினார். ஏரி நலியும்போது வேறு பிழைப்புக்கு மாறுவதில் பாட்டு உரிமை உள்ளவர்களே தயங்கினார்கள். மதிப்பு மனிதரைக் கட்டுப்படுத்துவது போலவே கட்டிப்போடவும் செய்யும்.

வளரிளம் பருவத்தினரைப் பொறுத்தவரை பாட்டின் குறை தெளிவானது. ஏரியில் பங்கும் பொறுப்பும் கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும். அதுவும் ஆணுக்கு, அதுவும் ஒரு சமூகத்து ஆணுக்கு. மதிப்புக்கும் உரிமைக்கும் மனம் மிக அதிகமாக ஏங்கும் பத்தாண்டுகளில், பிள்ளைகள் கரையில் வேடிக்கை பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேடிக்கைகூட இல்லை, வயதுக்கு வந்ததும் கரையே தூரமாகிவிடுகிறது.

பிள்ளைகளுக்கென்று ஒரு பாடு ஏன் இருக்கக் கூடாது என்று நான் கேட்கிறேன். இறால் பிடிக்க அல்ல. கரையின் ஒரு நீளத்தையும் ஓர் அலையாத்தித் திட்டையும் ஊரே அவர்கள் பொறுப்பில் விடட்டும். குழு குழுவாகச் சீட்டுப் போட்டு முறை வைக்கட்டும். மீனவர் தெருப் பிள்ளையும் இருளர் பிள்ளையும் பழவேற்காட்டு ஊர்ப் பிள்ளையும், ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் வரட்டும். விதிகளை அவர்களே எழுதட்டும், மீறினால் அவர்கள் கூட்டத்திலேயே பதில் சொல்லட்டும். வலைத் துண்டு எத்தனை கிலோ சேர்ந்தது, ஆலைக் கழிவு எந்த நாளில் எந்த நிறத்தில் வந்தது என்று அவர்கள் குறித்து வைப்பது பெரியவர்களின் போராட்டத்துக்கும் ஆவணமாகும். அமெரிக்காவின் வட கரோலினாவில் காலநிலை பற்றி வகுப்பில் கற்ற பிள்ளைகள் வழியே பெற்றோரின் அக்கறையும் கூடியதை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. மகன்களைவிட மகள்களால் கூடிய அக்கறை அதிகம். பெண் பிள்ளைகளைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவர இது ஒன்றே போதுமான காரணம்.

பெரியவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. டென்மார்க்கில் பெற்றோரையும் பதின்ம வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து ஆராய்ந்த ஆலிஸ் குரோன்ஹோய், ஜான் தோகர்சன் இருவரும், பெற்றோர் செய்வதாகப் பிள்ளைகள் கண்ணால் காண்பதே பிள்ளைகளின் நடத்தையை வலுவாக இழுக்கிறது என்று கண்டார்கள். பழுதான தங்கூசி வலையை அப்பா ஏரியிலேயே விட்டுவராமல் கரைக்குக் கொண்டுவந்தால் மகன் அதைப் பார்ப்பான். அப்படிக் கொண்டுவந்த வலையை வாங்கிச் செல்ல ஊராட்சி ஒரு வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவும் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்.

இந்த யோசனை பலித்ததா என்று எப்படித் தெரியும்? தொடங்கி வைத்த நாளில் எடுத்த புகைப்படம் எதையும் சொல்லாது. முதல் குழுவில் இருந்த பதினான்கு வயதுக்காரருக்குப் பதினேழு ஆகி, வெளியிலிருந்து உதவ வந்தவர்கள் போன பிறகும், குலுக்கல் தவறாமல் நடக்கிறதா, அதில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிவு வரும் என்று ஆய்வுகள் சொல்லும் ஆண்டுகள் அவைதான்.